மூன்றாம் மாடியும் என் இடுப்பும்

1

எட்டு மாதத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரரின் திதி. அவர் போய் ஏழு வருஷம் ஆகிறது. வாழைக்காய் வறுத்து, வடை தட்டி, சோறு போட்டுப் படைத்துவிட்டு, காக்கைக்கு வைக்க ஜன்னலைத் திறந்தேன். இங்கிலாந்தில் நான் இருக்கும் இந்த ஊரில் கூப்பிட்டால் காக்கை வராது. வெள்ளையாக ஒரு கடல் பறவைதான் வரும். அந்த உருவில் வருவதும் அவர்தான் என்று நானே தீர்த்துக்கொண்டு வருஷங்கள் ஆகின்றன.

அந்த நேரம் பார்த்துக் கதவுப் பொந்து வழியாகத் தபால் விழுந்தது. கீழே விழுந்ததைக் குனிந்து எடுக்க என்னால் முடியாது. அதற்கென்று நுனியில் இடுக்கி வைத்த நீளக் கோல் ஒன்று வைத்திருக்கிறேன். அதால் எடுத்து மேலே என் பெயர் இருக்கிறதா என்று பார்த்தேன். கோவிந்தம்மாள். இங்கிலீஷில் என் பெயரும் எண்களும் படிப்பேன், அதற்கு மேல் தெரியாது. தமிழில் மூன்றாம் வகுப்பு. எழுத்து கோணலாக இருக்கும். ஆனால் தமிழில் எழுதுவதை நானே எழுதுவேன், யாரிடமும் சொல்லி எழுத வைக்கிற பழக்கம் இல்லை.

உறையைப் பார்த்ததும் கவுன்சில் தபால் என்று தெரிந்தது. கவுன்சில் என்றால் இங்கே முனிசிபாலிட்டி மாதிரி, நான் இருக்கும் வீடு அவர்களுடையது. வீடு மூன்றாம் மாடியில். லிப்ட் கிடையாது. நாற்பத்திரண்டு படி. கீழ் வீடு ஒன்று மாற்றிக் கொடுங்கள், இடுப்பு போய்விட்டது, என்று ஆறு மாதத்துக்கு முன்னால் எழுதிக் கேட்டிருந்தோம். அதற்குத்தான் பதில். நல்ல நாளில் வந்திருக்கிறது என்று அவர் படத்துக்கு முன்னாலேயே வைத்துவிட்டு மகளுக்காகக் காத்திருந்தேன்.

மகள் பத்மா சாயங்காலம் வந்தாள். வடையைக் கையில் வைத்துக்கொண்டே படித்தாள். வடையைக் கீழே வைத்தாள்.

"இல்லன்னு சொல்லிட்டாங்கம்மா."

"இன்னான்னு?"

"உனக்கு இடுப்புல அவ்ளோ பெரிய கோளாறு இல்லையாம். நீ சொன்னதுக்கும் அவங்க டெஸ்ட் பண்ணதுக்கும் ஒத்து வரலையாம்."

"ஒத்து வரலன்னா?"

பத்மா என்னைப் பார்க்காமல் காகிதத்தைப் பார்த்தாள். "நம்ப முடியலன்னு அர்த்தம்மா. அதை மரியாதையா எழுதியிருக்காங்க."

2

அந்தப் பரிசோதனை நடந்ததைச் சொல்கிறேன். இடுப்பு வலியை எப்படிச் சோதிப்பார்கள் என்று நம் பக்கத்தில் பல பேருக்குத் தெரிந்திருக்காது. படம் எடுப்பார்கள், ஊசி போடுவார்கள் என்று நினைப்பீர்கள். படம் எடுத்தால் எலும்பு தெரியும், வலி தெரியாது. நாள்பட்ட வலிக்கு ஆளையே அளக்கிறார்கள்.

அன்றைக்கு பத்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. மொழிபெயர்க்க ஆள் வேண்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றேன். இருபத்தாறு வருஷம் ஆஸ்பத்திரி லாண்டரியில் வெள்ளைக்காரிகளோடு ஈரப் போர்வை தூக்கினவள் நான். எனக்கு எதற்கு ஆள்?

காலையில் தலைக்குக் குளித்தேன். மாம்பழக் கலரில் ஒரு பட்டுப் புடவை கட்டினேன். நொண்டிக்கொண்டு போய் ஒரு அன்னிய ஆண்பிள்ளை முன்னால் நிற்கக்கூடாது என்று, வலி மாத்திரை ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டேன். இது பத்மாவுக்குத் தெரிந்தபோது தலையில் கை வைத்துக்கொண்டாள். "வலியைக் காட்டப் போற எடத்துக்கு மாத்திரை போட்டுக்கினு யாராவது போவாங்களாம்மா?" என்றாள். அவள் கேட்பது நியாயம். ஆனால் பெரிய டாக்டரைப் பார்க்கப் போகும்போது குளித்து, தலை வாரி, நிமிர்ந்து போக வேண்டும் என்றுதான் எங்களை வளர்த்தார்கள்.

பரிசோதித்தவர் ஐம்பது வயசுக்காரர். ரொம்பப் பிரியமானவர். எழுந்து நின்று கை கொடுத்தார். என் முதுகில் இரண்டு இடத்தில் பேனாவால் கோடு போட்டு, கடிகாரம் மாதிரி முள் ஓடும் ஒரு கருவியை வைத்து, குனியச் சொன்னார். குனிந்தேன். மாத்திரை வேலை செய்துகொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு முழங்காலுக்குக் கீழே கை போகும் வரை குனிந்தேன். "வெரி குட்" என்றார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு பக்கவாட்டில் சாயச் சொன்னார், பின்னால் வளையச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் முள்ளைப் பார்த்து எண் எழுதினார்.

அப்புறம் என் உச்சந்தலையில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து லேசாக அழுத்தினார். "இப்படிச் செய்தால் இடுப்பில் வலிக்கிறதா?" என்று கேட்டார். உண்மையில் அப்போது வலிக்கவில்லை. ஆனால் அவர் அவ்வளவு அக்கறையாகக் கேட்கிறார். நான் வந்திருப்பதே இடுப்பு வலிக்கு. இல்லை என்று முகத்தில் அடித்த மாதிரி சொன்னால் அவர் கேட்டதற்கு என்ன மரியாதை? "எஸ் டாக்டர்" என்றேன். என் இரண்டு கையையும் தொடையோடு சேர்த்துப் பிடித்து, ஆளையே மொத்தமாக இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பினார். வலிக்கிறதா? "எஸ் டாக்டர்."

படுக்க வைத்துக் காலை நேராகத் தூக்கினார். ஒரு முழம் தூக்குவதற்குள் உயிர் போனது. அது உண்மையான வலி. சொன்னேன். பிறகு கட்டிலின் விளிம்பில் உட்கார வைத்து, பாதத்தைப் பார்க்கிறேன் என்று காலை நீட்டிப் பிடித்தார். பார்த்துக்கொண்டே, புடவை அழகாக இருக்கிறது, எந்த ஊர் நெசவு என்று கேட்டார். நகரியில் நெய்தது என்றேன். வலி இடுப்பிலிருந்து குதிகால் வரை மின்சாரம் மாதிரி ஓடியது. ஆனால் ஒருவர் நம் புடவையைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லும்போது ஐயோ என்று கத்துவார்களா? சிரித்தேன்.

அவர் எழுதிக்கொண்டார்.

3

இதை எல்லாம் பத்மா படித்துச் சொன்னபோதுதான் விளங்கியது. தலையில் அழுத்தினால் இடுப்பு வலிக்க நியாயம் கிடையாதாம். ஆளை மொத்தமாகத் திருப்பினால் இடுப்பு திரும்புவதே இல்லையாம். படுத்துத் தூக்கினால் வலிக்கிற கால், உட்கார்ந்து நீட்டினாலும் வலித்திருக்க வேண்டுமாம். வலிக்கக்கூடாத இடத்தில் வலி என்றேன், வலிக்க வேண்டிய இடத்தில் சிரித்தேன். எல்லாவற்றுக்கும் மேலே, அவ்வளவு தூரம் குனிந்தும் காட்டினேன்.

"நீ ஏம்மா எஸ் எஸ்ஸுன்னு சொன்ன?"

"அவுரு நல்லவிதமா கேட்டாரு."

"அதுக்கு?"

பத்மா காகிதத்தை மடித்து உறையில் போட்டாள். பிறகு இங்கிலீஷில் ஒன்று கேட்டாள், நான் புரியாத மாதிரி இருந்ததால் தமிழில் கேட்டாள்.

"அம்மா, நிஜமாவே அவ்ளோ வலிக்குதா?"

ஐம்பது வயசு மகள். நான் பெற்றவள். அவள் கேட்டது கோபத்தில் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "வட ஆறிப் போச்சு, துன்னு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

4

என் நைனாவை நினைத்துக்கொண்டேன். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

எங்கள் ஊர் நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில். ஆந்திரா தனியாகப் பிரிந்தபோது எனக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயசு இருக்கும். பிரிந்த பிறகும் எல்லை எது என்று தீரச் சில வருஷம் பிடித்தது. எந்த ஊர் எந்தப் பக்கம் போகும் என்பதே அப்போது பேச்சு. சந்தையில் வேர்க்கடலை விற்கும் ஆள்கூட அதைத்தான் பேசுவான். வீட்டில் நாங்கள் தமிழ். கடைக்குப் போனால் தெலுங்கு. ஊரில் எங்களை மாதிரிதான் பாதிக்கு மேல்.

ஒரு நாள் ஒரு ஆபீசரும் ஒரு குமாஸ்தாவும் வந்தார்கள். ராமர் கோயில் எதிரில் நாற்காலி போட்டார்கள். ஊர் கூடிவிட்டது. முன்னால் நின்றவர் என் நைனா. எந்த அதிகாரி வந்தாலும் அவரைத்தான் முன்னால் விடுவார்கள். மரியாதையாகப் பேசத் தெரிந்தவர் என்று பெயர். ஆபீசர் தெலுங்குக்காரர். நைனாவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, "இண்ட்லோ ஏம் மாட்லாடுதாரு, பெத்தாயனா?" என்றார். வீட்டில் என்ன பேசுவீர்கள் பெரியவரே, என்று.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கேட்கிறவர் எந்தப் பாஷையில் கேட்கிறாரோ அந்தப் பாஷையில்தான் பதில் சொல்ல வேண்டும். தெலுங்கில் கேட்டவருக்குத் தமிழில் சொன்னால் திமிர். தமிழில் கேட்டவருக்குத் தெலுங்கில் சொன்னாலும் அப்படித்தான். நைனா தெலுங்கிலேயே, அதுவும் நல்ல தெலுங்கில், பதில் சொன்னார். குமாஸ்தா ஏதோ எழுதிக்கொண்டான். ஆபீசர் மோர் குடித்துவிட்டுப் போனார்.

திருத்தணி மெட்ராஸ் பக்கம் போனது. நாங்கள் ஆந்திராவிலேயே நின்றுவிட்டோம். அன்றைக்கு எழுதின காகிதம் எங்கே போனது, அதை யாராவது படித்தார்களா, ஒருவருக்கும் தெரியாது. ஆனால் பழி போட ஊருக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டார்.

"இன்னா மாமா, தமிழ்ல ஒரு வார்த்த சொல்ல நாக்கு வரலியா?"

"ஆபீசரு மோருக்குத் துட்டு குடுத்துட்டுப் போனாரா, சும்மா குடிச்சிட்டுப் போனாரா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்பார்கள். நைனாவும் சிரிப்பார். பள்ளிக்கூடத்தில் இருந்த தமிழ் வாத்தியார் மாற்றலாகிப் போய், தெலுங்கு வாத்தியார் வந்தார். அதற்கப்புறம் சிரிப்பு குறைந்தது. நைனா இரண்டு தடவை பஸ் ஏறி சித்தூருக்குப் போய், கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்துவிட்டு வந்தார். எங்களை இன்னொரு தடவை கேளுங்கள், அவ்வளவுதான் மனு. "அது முடிஞ்சிபோன விஷயம் பெத்தாயனா" என்று அங்கே ஒரு ஆள் சொன்னானாம். மரியாதையாகத்தான் சொன்னானாம்.

5

எனக்குக் கல்யாணம் ஆகி திருப்பதியில் குடித்தனம். என் வீட்டுக்காரர் அங்கே ஒரு லேத்துப் பட்டறையில் வேலை. அவருக்குச் சீமையில் வேலை கிடைத்து அவர் முன்னால் போய், பிறகு நானும் கைக்குழந்தை பத்மாவோடு கிளம்பினேன். வழி அனுப்ப நைனா திருப்பதிக்கு வந்தார். மலைக்குப் போய் சாமி கும்பிட்டுவிட்டு, கீழே பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தோம். குழந்தைக்கு மொட்டை போட்டிருந்தது. நைனா அந்த மொட்டைத் தலையில் சந்தனம் தடவிக்கொண்டிருந்தார்.

இனிமேல் எப்போது பார்ப்போமோ என்று நினைத்து, அத்தனை வருஷம் கேட்காததைக் கேட்டேன்.

"அன்னிக்கு நீ இன்னாதான் சொன்ன நைனா?"

"எதுக்கும்மா இப்போ?"

"சும்மா சொல்லு."

"ரெண்டும் பேசறோம் சாமின்னு சொன்னேன். அதான நெஜம்? ஒண்ணுதான் எழுத எடம் இருக்குதுன்னான் குமாஸ்தா. எது எழுதட்டும்னு ஆபீசரைப் பாத்தான். ஆபீசரு என்னைப் பாத்தாரு."

"நீ?"

நைனா கையில் ஒட்டியிருந்த சந்தனத்தை வேட்டியில் துடைத்தார். "உங்க இஷ்டம் சாமின்னேன்" என்றார். "அவ்ளோ தூரம் வெயில்ல வந்திருக்கறவரு. அவரு மனசு நோவக்கூடாதுன்னு தோணிச்சி."

பஸ் வந்துவிட்டது. ஏன் அப்படிச் சொன்னாய் என்று ஒரு வார்த்தை கோபமாகக் கேட்டேன். அதுவே நான் அவரிடம் நேரில் பேசின கடைசி வார்த்தை ஆகிப்போனது. மூன்றாம் வருஷம் தந்தி வந்தது. போக முடியவில்லை. லாண்டரியில் சேர்ந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது.

6

ஒரு வாரம் கழித்து பத்மா போன் செய்தாள். மறுபடியும் பார்க்கச் சொல்லிக் கேட்கலாமாம், அதற்கு ஒரு ஃபாரம் இருக்கிறதாம்.

"வேணாம்" என்றேன். "ஒரு தபா பொய்க்காரின்னு எழுதிட்டாங்க. இன்னொரு தபா போய் நிக்க மாட்டேன்."

"கீழ எறங்காம எத்தினி நாள் இருப்ப?"

"இருக்கறவரைக்கும்."

"இது ரோஷப்படற விஷயம் இல்லம்மா."

இருந்தாலும் அவளே எழுதிப் போட்டுவிட்டாள். நாளும் குறித்து வந்தது. இந்தத் தடவை லீவு போட்டுவிட்டு வருகிறேன், மாத்திரை போடாதே, கூடவே இருப்பேன் என்றாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பத்மா ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். நானே கதவைத் திறப்பேன், சமைத்து வைத்திருப்பேன், மேசை துடைத்திருக்கும். வெளியே கூட்டிப் போகிறேன் என்றால், "நீ போய் காரை எட்த்துக்கினு வா, நான் பூட்டிட்டு வரேன்" என்று முன்னால் அனுப்பிவிடுவேன். இரண்டு தெரு தள்ளி நிறுத்தின காரை அவள் சுற்றிக் கொண்டுவருவதற்குள் நான் கீழே வாசலில் நிற்பேன். எத்தனையோ வருஷமாக இப்படி. நாற்பத்திரண்டு படியை நான் எப்படி இறங்குகிறேன் என்று அவள் பார்த்ததே இல்லை.

அன்றைக்கு, காரைக் கொண்டுவா என்றேன். கார் வாசலிலேயே நிற்கிறது, வா என்றாள். பூட்டிவிட்டு வருகிறேன் என்றேன். நானே பூட்டுகிறேன் என்றாள். மாத்திரை போடவில்லை. வேறு வழி இல்லை.

முதல் படியின் விளிம்பில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தேன். புடவையை முழங்காலோடு சேர்த்துச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டேன். பிறகு கையை ஊன்றி, ஒரு படி உட்கார்ந்தபடியே இறங்கினேன். அடுத்த படி. தவழுகிற குழந்தைகள் இறங்குமே, அப்படி. பதினாலு படிக்கு ஒரு தரம் நிற்பேன். மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். பத்மா மேலேயே நின்றிருந்தாள். சாவி கதவிலேயே இருந்தது.

"எப்பத்திலேர்ந்தும்மா?"

"உங்கப்பா போறதுக்கு முன்னாலருந்தே."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"அவருதான் எனக்கு முன்னால ஒவ்வொரு படியா நின்னுக்கினு வருவாரு. யாராவது ஏறி வந்தா, எதையோ தேடறோம்னு சொல்லுவாரு."

அவள் இறங்கி வந்தாள். என்னைத் தாண்டிப் போய், எனக்கு ஒரு படி கீழே, என் பக்கம் முகம் திருப்பி நின்றாள். நான் ஒரு படி இறங்கினால் அவளும் ஒரு படி பின்னால் வைத்தாள். கீழே வந்து சேரும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்க, புடவைத் தூசியைத் தட்டிக்கொண்டே இருந்தேன்.

7

இந்தத் தடவை ஒரு பெண். அதே முள் கருவி, அதே கட்டில். குனியச் சொன்னாள். கை தொடையின் நடுவுக்கு வந்ததும் இடுப்பு பிடித்துக்கொண்டது. அதற்கு மேலே போகவில்லை. பழைய வழக்கத்துக்கு இன்னும் கொஞ்சம் என்று உடம்பு எத்தனித்தது. "போதும்மா, நில்லு" என்றாள் பத்மா. நின்றேன். ஒரு வேற்று மனுஷி முன்னால், பாதிக் குனிவில், நைந்த துணி மாதிரி. எனக்கு நினைவு தெரிந்து அப்படி யார் முன்னாலும் நின்றதில்லை.

தலையில் அழுத்தினாள். "இல்லை" என்றேன். ஒருவர் பிரியமாகக் கேட்கும்போது இல்லை என்று சொல்ல எவ்வளவு பலம் வேண்டியிருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. காலைத் தூக்கினாள், வலிக்கிறது என்றேன். உட்கார வைத்து நீட்டினாள், வலிக்கிறது என்றேன். இரண்டு காலையும் சேர்த்துத் தூக்கி ஐந்து எண்ணும் வரை நிறுத்தச் சொன்னாள். ஒன்று எண்ணுவதற்குள் கீழே விழுந்தது.

முடிந்த பிறகு நான் பத்மா வழியாக ஒன்று கேட்டேன். போன தடவை நான் பொய் சொன்னதாக எழுதியிருக்கிறதே, அதை அழிப்பார்களா? அந்தப் பெண் பேனாவை வைத்துவிட்டு நேராக என்னைப் பார்த்துப் பேசினாள். தலையை அழுத்துகிற மாதிரிச் சோதனைகள் யார் பொய் சொல்கிறார்கள் என்று காட்டாது, வலியோடு பயமோ பழக்கமோ வேறு ஏதோ கலந்திருக்கிறது என்று மட்டும்தான் காட்டும், அதைத் தப்பாகப் படித்துவிடுகிறவர்கள் உண்டு என்றாள். ஆனால் எழுதினதை அழிக்க அவளால் ஆகாதாம். பக்கத்தில் இன்னொன்று எழுதத்தான் முடியுமாம்.

எழுதினாள்.

8

பதில் வந்துவிட்டது. என் வயசுக்கு இருக்க வேண்டிய குனிவில் பாதிகூட இல்லை என்று எண்ணோடு போட்டிருக்கிறது. கீழ் வீடு கொடுக்க வேண்டியதுதான் என்று ஒப்புக்கொண்டார்கள். பத்மா படித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் நிம்மதியாக இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

வீடு காலியானதும் கொடுப்பார்களாம். இங்கே கீழ் வீடுகள் எல்லாம் என்னை மாதிரி வயசானவர்களுக்கும் நடக்க முடியாதவர்களுக்கும்தான். எப்போது காலியாகும் என்று பத்மாவைக் கேட்டேன். சொல்ல முடியாதும்மா, யாராவது காலி பண்ணினால்தான் என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே அது எப்படிப்பட்ட பேச்சு என்று தெரிந்திருக்க வேண்டும். டீ போடப் போய்விட்டாள்.

அந்த வயசில் சாமியிடம் போவதைத் தவிர, யார் எங்கே காலி பண்ணிக்கொண்டு போகப்போகிறார்கள்?

இப்போது நான் கீழே இறங்குவதை அநேகமாக நிறுத்திவிட்டேன். பத்மா சாமான் வாங்கி வந்து போடுகிறாள். முன்பு போல ஞாயிற்றுக்கிழமை மட்டும் இல்லை, வாரத்தில் மூன்று நாள் வருகிறாள். சனிக்கிழமை பெருமாளுக்கு விளக்கு ஏற்றிவிட்டுக் கை கூப்பினால், என்ன கேட்பது என்று தெரியாமல் நிற்கிறேன். சீக்கிரம் வீடு கொடு என்று வாய் வருவதில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் பத்மா கவுன்சிலுக்குப் போன் போட்டு விசாரிக்கிறாள். போன வெள்ளியும் விசாரித்தாள். போனை வைத்துவிட்டு, "இன்னும் இல்லையாம்மா" என்றாள். இடுப்பு விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. இருந்தாலும், எங்கேயோ ஒரு கீழ் வீட்டில் எனக்கு முகம் தெரியாத ஒருத்தி இந்த வாரமும் தன் கதவைத் தானே திறந்து பால் பாட்டிலை எடுத்துக்கொள்கிறாள் என்று நினைத்தபோது, சரி, இருக்கட்டும் என்றுதான் தோன்றியது.